செல்லுக்குப் பிடித்த தரை

புகையிலையோடு கசக்கிப் போட்டுக்கொள்ளும் சுண்ணாம்பு இந்தியாவின் பல பகுதிகளில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாக்கெட்டுகளில் விற்கிறது. பெரியவர்கள் பாதி எடுத்துவிட்டுப் போட்ட பாக்கெட் குழந்தையின் கையில் கிடைக்கும். அழுத்திப் பார்க்கும்; பட்டென்று வெடித்து முகத்தில் தெறிக்கும். இதைத் தனி வகைக் கண் விபத்தாகவே மருத்துவர்கள் பதிவு செய்துவைத்திருக்கிறார்கள். அமிலம் பட்டால் திசுவிலுள்ள புரதம் திரைந்துபோய், மேற்கொண்டு அமிலம் இறங்காமல் ஓரளவாவது தடுக்கும். சுண்ணாம்போ காரம். செல்களின் கொழுப்புச் சவ்வைச் சோப்பாக மாற்றிக்கொண்டே உள்ளே இறங்கும்.

அது எதை அழிக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல் இருக்கும் கார்னியாவின் மேல்தோல் ஐந்தாறு அடுக்குச் செல்கள்தான். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஒரு வாரம், பத்து நாளில் அது முழுக்க உதிர்ந்து புதிதாகிவிடுகிறது. புதுச் செல்களை அனுப்பிக்கொண்டிருப்பது, கார்னியாவும் வெள்ளைவிழியும் சேருமிடத்தில் வளையமாக ஓடும் ஓரிரு மில்லிமீட்டர் அகல விளிம்பு. அதற்கு லிம்பஸ் என்று பெயர். அங்குள்ள மடிப்புகளில் குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள், பதுங்கியிருக்கின்றன. அந்த வளையம் வெந்துபோனால் வெள்ளைவிழியின் தோல் ரத்தக் குழாய்களோடு கார்னியாமீது படர்ந்துவிடும். பார்வை மங்கிப்போகும். இறந்தவரின் கார்னியாவை வாங்கிப் பொருத்தினாலும் பயனில்லை. அதன் மேல்தோலைப் புதுப்பித்துக்கொண்டிருக்க விளிம்பில் ஆளில்லை.

ஒரு கண் மட்டும் வெந்திருந்தால் மற்றக் கண்ணின் விளிம்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று 1989இல் அமெரிக்காவில் கென்யனும் செங்கும் காட்டினார்கள். ஆனால் பெரிய துண்டாக எடுக்க வேண்டும். நல்ல கண்ணையும் பணயம் வைக்கிற வேலை. இத்தாலியில் கிராசியெல்லா பெல்லெக்ரினி குழு 1997இல் வேறு வழி காட்டியது: ஓரிரு மில்லிமீட்டர் துணுக்கு போதும், அதை ஆய்வகத்தில் வளர்த்துப் பெருக்கிக் கண்ணில் வைக்கலாம். இரண்டு நோயாளிகளுக்குச் செய்தார்கள். அங்கிருந்து கேள்வி உயிரியலிலிருந்து பொருளறிவியலுக்கு நகர்கிறது. எதன்மீது வளர்ப்பது? வளர்ந்த மெல்லிய படலத்தைக் கிழியாமல் எதில் ஏந்திக் கண்ணுக்குக் கொண்டுபோவது?

இந்தக் கேள்விக்கு உலகிலேயே அதிகமான நோயாளிகளிடம் விடை தேடிய இடங்களில் ஒன்று ஐதராபாத். பஞ்சாரா ஹில்ஸில் இருக்கும் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தின் பெயரிலுள்ள பிரசாத், தமிழ் வாசகர்களுக்கு அந்நியர் அல்ல. ‘மனோகரா’வையும் ‘மிஸ்ஸியம்மா’வையும் இயக்கியவர். அவருடைய குடும்பம் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் குல்லபள்ளி என். ராவ் 1987இல் தொடங்கிய நிறுவனம் அது. அங்கே விரேந்தர் சங்வான் என்ற அறுவை மருத்துவரும் கீதா வெமுகந்தி என்ற நோயியல் நிபுணரும் 2001இல் லிம்பஸ் குருத்தணுக்களை வளர்த்துப் பொருத்தத் தொடங்கினார்கள். ஊரின் இன்னொரு மூலையிலுள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் இயக்குநராக இருந்துவிட்டு இங்கே ஆராய்ச்சிப் பொறுப்புக்கு வந்த டி. பாலசுப்பிரமணியன் பின்னால் துணை நின்றார். ‘தி இந்து’வில் அவர் எழுதிய அறிவியல் பத்திகளைப் படித்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர்.

அவர்கள் தேர்ந்தெடுத்த தரை, பனிக்குடச் சவ்வு. அதைப் பற்றிப் பேசுமுன், ஒரு செல் தரையை எப்படி உணர்கிறது என்று பார்த்துவிடுவோம்.

தோல், கார்னியா, எலும்பு ஆகியவற்றின் செல்களுக்கு மிதந்துகொண்டிருக்கத் தெரியாது. பற்றிக்கொள்ள இடம் கிடைக்காவிட்டால் அவை தம்மையே அழித்துக்கொள்ளும். ஆனால் அவை பற்றுவது நாம் வைத்த பிளாஸ்டிக்கையோ டைட்டானியத்தையோ அல்ல. எந்தப் பொருளை உடல் திரவத்தில் வைத்தாலும் சில நொடிகளுக்குள் புரதங்கள் வந்து அதன்மேல் படிந்துவிடும். செல் வந்துசேர்வதற்குள் பொருளின் முகம் மறைந்துபோயிருக்கும். அது தொட்டுப் பார்ப்பது அந்தப் புரதப் பூச்சை மட்டுமே. முதலில் ஓடிவந்து ஒட்டுபவை எண்ணிக்கையில் மிகுந்த சிறிய புரதங்கள். பிறகு மெதுவாக வரும் பெரிய புரதங்கள் அவற்றைத் தள்ளிவிட்டு உட்காரும். இந்த இடமாற்றத்தைக் கண்டறிந்த லியோ விரோமனின் பெயரால் அது விரோமன் விளைவு எனப்படுகிறது. நெதர்லாந்தில் பிறந்த அந்த ரத்த ஆய்வாளர் டச்சு மொழியின் பெரிய கவிஞர்களில் ஒருவரும்கூட.

ஆகவே மேற்பரப்பை மாற்றுவது என்றால், முதல் வேலை எந்தப் புரதம் எப்படிப் படிய வேண்டும் என்று தீர்மானிப்பதுதான். தாமரை இலைமேல் நீர் உருண்டு நிற்பதைப் போல ஒரு பொருள் நீரை விலக்கினால், வந்து ஒட்டும் புரதங்கள் உருக்குலைந்து, செல் பற்ற வேண்டிய பகுதியை உள்ளே மடித்துக்கொள்ளும். நீரை அளவுக்கு மீறி உறிஞ்சினாலோ புரதமே ஒட்டாது. நாம் கண்ணில் போடும் மென்மையான காண்டாக்ட் லென்ஸின் மேல் செல்கள் வளராததற்குக் காரணம் அதுதான். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலைதான் பெரும்பாலான செல்களுக்குத் தோதானது. ஆய்வகங்களில் செல் வளர்க்கப் பயன்படும் மலிவான பாலிஸ்டைரீன் தட்டுகளைக்கூட அப்படியே விற்பதில்லை. மின்னூட்டம் பெற்ற வாயுவான பிளாஸ்மாவால் சில நொடிகள் தாக்கி, ஆக்சிஜன் அணுக்களை மேற்பரப்பில் பதித்துத்தான் விற்கிறார்கள். உள்ளே அதே பிளாஸ்டிக். மேலே சில நானோமீட்டர் ஆழத்துக்கு மட்டும் குணம் வேறு.

1984இல் அமெரிக்காவில் பியர்ஷ்பாக்கரும் ரூஸ்லாதியும் இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஃபைப்ரோனெக்டின் என்ற பெரிய புரதத்தில் செல் பற்றுவது மூன்றே அமினோ அமிலங்களை: ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம், இதே வரிசையில். செல்லின் சவ்விலிருந்து நீளும் இன்டெக்ரின் என்ற மூலக்கூறு இந்த மூன்றெழுத்தைத் தேடிப் பிடிக்கிறது. அப்படியானால் முழுப் புரதம் எதற்கு, இந்தத் துணுக்கை மட்டும் எந்தப் பொருளின்மீதும் ஒட்டிவிடலாமே என்று பலரும் கிளம்பினார்கள். ஒட்டினார்கள், செல்களும் பற்றின. பின்னால் ஜெர்மனியில் யோவாக்கிம் ஸ்பாட்ஸ் குழு, தங்கத் துகள்களைச் சீரான இடைவெளியில் பதித்து அவற்றின்மீது இந்தத் துணுக்கை வைத்துப் பார்த்தது. இடைவெளி சுமார் 70 நானோமீட்டரைத் தாண்டினால் செல்லின் பிடி இறுகவில்லை. பக்கத்துப் பக்கத்தில் பல இன்டெக்ரின்கள் கைகோத்தால்தான் உள்ளே செய்தி போகிறது. எந்த எழுத்து என்பதோடு எவ்வளவு நெருக்கமாக எழுதியிருக்கிறது என்பதும் செல்லுக்கு வேண்டியிருக்கிறது.

இதோடு தரையின் விறைப்பும் சேர்கிறது. 2006இல் எங்லரும் டிஷரும் ஒரே வகை எலும்பு மஜ்ஜைக் குருத்தணுக்களை வெவ்வேறு விறைப்புள்ள கூழ்களில் விட்டார்கள். மூளைபோல் மென்மையான கூழில் அவை நரம்புச் செல்களின் சாயலுக்கும், தசையளவு விறைத்ததில் தசையின் சாயலுக்கும், மேலும் கடினமானதில் எலும்பின் சாயலுக்கும் நகர்ந்தன. ஊட்டத் திரவம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

இந்தத் துறையின் கட்டுரைகளில் எனக்கு உறுத்துகிற விஷயம் இங்கேதான் வருகிறது. புதிதாக ஒரு பூச்சு செய்வார்கள். ஏழாம் நாளில் செல் எண்ணிக்கை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று பட்டை வரைபடம் போடுவார்கள். செல் பெருகிவிட்டது, சரி. ஆனால் அது எந்தச் செல்? கண்ணைப் பொறுத்தவரை இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. இத்தாலியக் குழு 2010இல் 112 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டது. குருத்தணுத் தன்மையைக் காட்டும் p63 என்ற புரதம் மிகுந்த செல்கள், வளர்த்த படலத்தில் 3 சதவீதத்துக்கு மேல் இருந்தபோது 78 சதவீதம் பேருக்குச் சிகிச்சை வென்றது. 3 சதவீதமோ அதற்குக் குறைவோ இருந்தால் 11 சதவீதம்தான். தட்டு நிறையச் செல் வளர்ந்திருந்தும் தோற்றவை அவை. வேகமாகப் பெருகும் செல், பெருகும் வேகத்திலேயே முதிர்ந்து உதிர்ந்துபோகிற செல்லாகவும் இருக்கலாம். சில மாதம் கண் தெளிவாக இருக்கும். அப்புறம் வெள்ளைவிழித் தோல் மறுபடி படரும்.

இப்போது பனிக்குடச் சவ்வுக்கு வரலாம். கருவைச் சூழ்ந்திருக்கும் பையின் உள்பக்கத் தோல் அது. ரத்தக் குழாயோ நரம்போ கிடையாது, ஒளி ஊடுருவும், வீக்கத்தைத் தணிக்கும். கண்ணில் அதை 1940இலேயே டி ரோத் என்பவர் பயன்படுத்திப் பார்த்தார். பிறகு மறந்துபோய், 1995இல் கிம், செங் இருவரின் முயல் ஆய்வுக்குப் பிறகு மறுபடி வந்தது. 2000இல் தைவானில் ஆறு நோயாளிகளுக்கு, இந்தச் சவ்வின்மேல் வளர்த்த லிம்பஸ் செல்களைப் பொருத்தினார்கள்.

சவ்வின் ஒரு பக்கம் பனிக்குடத்தின் சொந்தச் செல்கள் ஓரடுக்காக இருக்கும். அவற்றுக்குக் கீழே அடித்தளச் சவ்வு. அதற்கும் கீழே இழைகள் நிறைந்த பகுதி. எந்தப் பக்கம் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். அறுவை மருத்துவர்கள் காய்ந்த பஞ்சு முனையால் தொட்டுப் பார்ப்பார்கள். இழைப் பக்கமென்றால் பிசினாக ஒட்டிக்கொண்டு நூல்விடும். மனித உடலின் தடிமனான அடித்தளச் சவ்வுகளில் பனிக்குடத்தினுடையதும் ஒன்று. நான்காம் வகைக் கொலாஜன், ஏழாம் வகைக் கொலாஜன், லாமினின் என்று கார்னியாச் செல்கள் தம் சொந்த இடத்தில் பற்றிக்கொண்டிருக்கும் அதே புரதங்கள் அதில் இருக்கின்றன, இயற்கையாக அமைந்த அதே நெருக்கத்தில், அதே மென்மையில். ஆய்வகத்தில் நாம் ஒவ்வொன்றாக எழுதப் பார்க்கும் எழுத்துகள் அங்கே ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றன. மேலே பனிக்குடச் செல்கள் உட்கார்ந்து அவற்றை மறைத்துக்கொண்டிருப்பதுதான் தடை.

ஐதராபாத் ஆய்வகம் செய்த மேற்பரப்பு மாற்றம் இதுதான்: அந்தச் செல்களை நீக்குவது. டிரிப்சின் என்ற நொதியில் கால் மணி நேரம் ஊறவைத்து, மெதுவாகச் சுரண்டி எடுத்துவிட்டு, வெளிப்பட்ட அடித்தளச் சவ்வின்மேல் லிம்பஸ் துணுக்குகளை வைத்தார்கள். பத்துப் பதினான்கு நாளில் அவற்றிலிருந்து செல்கள் வெளியேறி ஒரே படலமாகப் பரவின. கேட்க எளிது. ஆனால் நேரம் கூடினால் நொதி செல்லோடு நிற்காது, லாமினினையும் அரித்துவிடும். குறைந்தால் பழைய செல்கள் திட்டுத்திட்டாகத் தங்கிவிடும். செங்கின் குழு இன்னொரு சங்கடத்தையும் காட்டியிருக்கிறது. செல் நீக்காத சவ்வில் லிம்பஸ் செல்கள் மெதுவாகத்தான் வளர்கின்றன, ஆனால் குருத்தணுக் குணத்தை அதிகம் காப்பாற்றிக்கொள்கின்றன. நீக்கிய சவ்வில் வேகமாகப் பரவுகின்றன, கூடவே முதிர்ச்சியை நோக்கியும் நகர்கின்றன. வேகத்தையும் இளமையையும் ஒன்றாகக் கேட்க முடிவதில்லை. நோயாளி காத்திருக்கும்போது இரண்டு வாரத்தில் படலம் கிடைப்பது எவ்வளவு முக்கியம் என்று யோசித்தால், ஐதராபாத்தின் தேர்வு எனக்குப் புரிகிறது.

அவர்களிடம் இன்னொரு துணிச்சலும் இருந்தது. இத்தாலிய முறையில், கதிர்வீச்சால் பெருக்கம் நிறுத்தப்பட்ட எலிச் செல்களைக் கீழே பரப்பி, அவற்றின் துணையில்தான் மனிதச் செல்களை வளர்ப்பார்கள். ஐதராபாத்தில் எலிச் செல்களையும் கன்றின் சீரத்தையும் விட்டுவிட்டு, நோயாளியின் சொந்த ரத்தச் சீரத்தைச் சேர்த்தார்கள். தரை சரியாக இருந்தால் செவிலித்தாய் தேவையில்லை என்று சொல்வதற்குச் சமம் அது. 2011இல் வெளியான பத்தாண்டுக் கணக்கில் 200 நோயாளிகள். 71 சதவீதம் வெற்றி.

இதே காலத்தில் வேறு தரைகளும் வந்தன. டோக்கியோவில் தெருவோ ஒகானோ, வெப்பத்துக்கு ஏற்ப மாறும் ஒரு பாலிமரைத் தட்டின்மேல் சுமார் 20 நானோமீட்டர் தடிமனுக்குப் பதித்தார். 37 டிகிரியில் அது நீரை ஓரளவு விலக்கும், செல் பற்றிக்கொள்ளும். 32 டிகிரிக்குக் கீழே இறக்கினால் நீரை இழுத்துக்கொண்டு உப்பும். செல் படலம் தன் அடிப்புரதங்களோடு முழுசாகக் கழன்று வரும். நொதி வேண்டாம், தாங்கும் சவ்வும் வேண்டாம். இதில் வளர்த்த வாய்த்தோல் செல்களை நான்கு நோயாளிகளின் கண்ணில் பொருத்திய செய்தி 2004இல் வந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலும் இத்தகைய பாலிமர்களைத் தயாரித்து ஆராய்ந்திருக்கிறார்கள். சென்னை சங்கர நேத்ராலயாவில் ஜப்பானிய மெபியால் ஜெல்லில் லிம்பஸ் செல்களை வளர்த்து முயல்களில் பொருத்திப் பார்த்தார்கள். குளிரில் திரவமாகவும் உடல் சூட்டில் கூழாகவும் இருக்கும் பொருள் அது.

பிறகு ஐதராபாத்தில் நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. செல் வளர்க்கும் தூய்மை அறை, இன்குபேட்டர், பயிற்சி பெற்ற ஆட்கள் என்று இந்தச் சிகிச்சை பெரிய நகரங்களைத் தாண்ட முடியாமல் இருந்தது. 2012இல் சங்வான், சயன் பாசு, ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் ஷீலா மெக்நீல், பாலசுப்பிரமணியன் நால்வரும் ஆறு நோயாளிகளை வைத்து ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். ஆய்வகத்தையே விட்டுவிட்டார்கள்! நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் சதுரத் துணுக்கு எடுத்து, எட்டுப் பத்துப் பொடியாக நறுக்கி, கெட்ட கண்ணின்மேல் விரித்த பனிக்குடச் சவ்வில் நடுப்பகுதியை விட்டுவிட்டு வட்டமாக வைத்து, ரத்தப் புரதத்தாலான ஃபைப்ரின் பசையால் ஒட்டினார்கள். மேலே ஒரு பாதுகாப்பு லென்ஸ். வெப்பம், ஈரம், ஊட்டம் எல்லாம் நோயாளியின் கண்ணே கொடுத்துவிட்டது. 2016இல் வெளியான 125 பேரின் கணக்கில் வெற்றி 76 சதவீதம். ஆய்வகத்தில் வளர்த்துப் பொருத்தியதைவிடக் குறைவில்லை. இரண்டு கணக்குகளின் நோயாளிகளும் காலமும் வேறு என்பதால் எண்ணை எண்ணோடு நேராக மோதவிடக் கூடாது. இருந்தாலும், நல்ல தரையும் நல்ல விதையும் இருந்தால் நடுவில் இருந்த தொழிற்சாலை எவ்வளவு தேவை என்ற சந்தேகத்தை அது கிளப்பிவிட்டது.

பனிக்குடச் சவ்வே இவ்வளவு நன்றாக வேலை செய்தால் செயற்கைத் தரைக்கு ஏன் அலைய வேண்டும்? அது ஒரு தாயின் திசு. அறுவைப் பிரசவத்தில் சம்மதத்தோடு பெற்று, எச்ஐவி, மஞ்சள்காமாலை வைரஸ்கள், சிபிலிஸ் எல்லாம் இல்லையென்று சோதித்து, ஆழ்குளிரில் வைத்திருக்க வேண்டும். கண் வங்கியுள்ள நகரத்துக்கு அது சிரமமில்லை. மாவட்டத் தலைநகருக்குச் சிரமம். மேலும் ஒரு தாயின் சவ்வு இன்னொருவருடையதைப் போல இருப்பதில்லை. அதனால்தான் மெக்நீல் குழு, தானே கரையும் தையல் நூலுக்குப் பயன்படும் வகையைச் சேர்ந்த பிஎல்ஜிஏ என்ற பாலிமரை எடுத்து, உயர் மின்னழுத்தத்தில் இழுத்து நுண்ணிழைப் பாயாக்கியது. தாவிப் பரவ இழைகள் செல்லுக்கு வழிகாட்டும். சில வாரங்களில் பாய் நீராற்பகுப்பால் லாக்டிக், கிளைக்காலிக் அமிலங்களாகச் சிதைந்து மறையும். சில மாதிரிகளில் லிம்பஸின் மடிப்புகளைப் போலச் சிறு குழிகளையும் சேர்த்திருக்கிறார்கள், குருத்தணு பதுங்க இடம் வேண்டுமே என்று. ஐதராபாத்தில் ஐந்து நோயாளிகளிடம் இந்தப் பாயின் பாதுகாப்பைச் சோதித்திருக்கிறார்கள். ஐந்து என்பது தொடக்கம் மட்டுமே.

ஆஸ்திரேலியக் குழுவினரோடு சேர்ந்து ஐதராபாத் செய்த இன்னொரு வேலை, செல் ஒட்டாத காண்டாக்ட் லென்ஸை ஒட்டவைப்பது. அக்ரிலிக் அமிலத்தின் ஆவியைப் பிளாஸ்மாவாக்கி லென்ஸின்மேல் மெல்லிய பூச்சாகப் படியவிட்டார்கள். பூச்சிலுள்ள அமிலக் குழுக்களின் அளவைக் கூட்டிக் குறைத்து, லிம்பஸ் செல் எதில் பற்றி வளர்கிறது, எதிலிருந்து விடுபட்டுக் கார்னியாவுக்கு இறங்குகிறது என்று பார்த்தார்கள். அந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. பிடிப்பு மட்டும் போதாது, சமயத்தில் விடவும் வேண்டும் என்பதை இவ்வளவு கச்சிதமாகச் சோதித்த வேலை எனக்கு அதிகம் கண்ணில் பட்டதில்லை.

2022இல் ஐதராபாத் ஐஐடி, பிரசாத் நிறுவனம், செல் உயிரியல் மையம் மூன்றும் சேர்ந்து, முப்பரிமாண அச்சில் உருவாக்கிய கார்னியாவை முயலின் கண்ணில் பொருத்தியதாக அறிவித்தன. மாற்று அறுவைக்கு உதவாத மனிதக் கார்னியாக்களிலிருந்து செல்களை நீக்கி, மீந்த புரதச் சட்டகத்தைக் கூழாக்கி, அதையே அச்சு மையாகப் பயன்படுத்தியிருந்தார்கள். பனிக்குடத்தில் செய்ததைப் போலவே, இங்கும் முதல் வேலை செல்லை எடுத்துவிட்டு இயற்கை எழுதியதை மிச்சம் வைப்பது.

இவற்றில் எதுவும் தொடாத ஒரு கூட்டம் இருக்கிறது. மருந்து ஒவ்வாமையால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வந்து இரண்டு கண்களும் கெட்டவர்கள். துணுக்கு எடுக்க நல்ல கண் இல்லை. வாய்த்தோல் செல்லை வளர்த்து வைக்கலாம்தான். ஆனால் பலருக்குக் கண்ணீரும் வற்றியிருக்கும், இமையின் உள்விளிம்பு தழும்பேறிச் சொரசொரப்பாகி, ஒவ்வொரு சிமிட்டலிலும் புது மேல்தோலைத் தேய்க்கும். ஐதராபாத்தில் அவர்களுக்கு உதட்டின் உள்தோலை எடுத்து முதலில் இமை விளிம்பைச் சரிசெய்கிறார்கள். கார்னியாவின் தரையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.